பிறந்த நாடு என்ற கட்டம்

ஜெபதாஸ், வயது 53, தகப்பனார் காலஞ்சென்ற தேவசகாயம், கணிதப் பட்டதாரி, மர வியாபார நிறுவனம் ஒன்றில் கணக்கர், வசிப்பது யாங்கோன், க்யிம்யிண்டைங், படகுத்துறைக்குப் பின்தெரு, ஆகிய நான் 28.11.2008 அன்று இக்காவல் நிலையத்தில் விசாரிக்கப்பட்டுக் கூறுவதாவது:

எனக்குப் பர்மிய மொழி நன்றாகத் தெரியும். இருந்தாலும் நான் பர்மிய மொழியில் சொல்லி இன்னொருவர் எழுதினால் என் சொல்லுக்கு அவர் பொறுப்பாகிவிடுவார் என்பதால் நானே தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பாளர் காஜா மைதீன் அருகில் இருக்கிறார்.

என் பாட்டனார் துறைமுக அலுவலகத்துக்கு எழுத்தராக வந்தவர். தகப்பனாரும் நானும் இதே ஊரில் பிறந்தவர்கள். ஆனாலும் என்னிடம் இருப்பது அயல்நாட்டார் பதிவு அட்டை. அதில் இந்தியர் என்று எழுதியிருக்கிறது. அந்த அட்டையால் எனக்குக் கிடைக்காமல் போன வேலைகளைப் பற்றி இங்கே கேட்கப்படவில்லை, ஆகவே சொல்லவில்லை.

அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற அந்நாடு ஆண்டுதோறும் நடத்தும் விசா குலுக்கலுக்கு நான் நான்கு ஆண்டுகளாக விண்ணப்பித்து வருகிறேன். குடும்பத் தலைவன் என்ற முறையில் என் பெயரில் மட்டும் போட்டேன். லத்தா பகுதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சுரேந்திரன்தான் ஒவ்வொரு முறையும் அனுப்பினார். அவருடைய தகப்பனார் குடியுரிமை அட்டை வாங்கிய விதத்தை நான் அறிவேன். கேட்டால் சொல்வேன்.

இன்று காலை சுரேந்திரன் கடைக்குச் சென்று, இந்த ஆண்டு அனுப்பிய மனுவின் நகலை முதன்முறையாக அச்செடுத்துத் தரக் கேட்டேன். அதில் பிறந்த நாடு என்ற கட்டத்தில் இந்தியா என்று இருந்தது. இந்தக் குலுக்கலில் குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைத்தான் பார்க்கிறார்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அதில் இடமில்லை. பர்மாவில் பிறந்தவர்களுக்கு உண்டு. அதன்பின் நான் சுரேந்திரனிடம் விளக்கம் கேட்டேன்.

"கார்டுல இந்தியன்னு இருக்கு, இந்தியான்னு போட்டேன். நம்ம ஆளுங்க எல்லாருக்கும் அப்படித்தான் ஸயா போடுறேன்" என்றார்.

திருத்தி அனுப்பச் சொன்னேன். அனுப்பியதைத் திருத்த முடியாது என்றார். ஒருவர் ஓராண்டில் இரண்டு மனு போட்டால் இரண்டும் தள்ளுபடி. ஆகவே இந்த ஆண்டும் எனக்கு இல்லை என்பது அங்கேயே தெளிவாயிற்று.

அப்போது எங்கள் தெருவில் தையல் கற்றுக்கொடுக்கும் தைலம்மாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனு அனுப்பத் தயாராக இருந்தது. அதிலும் இந்தியா.

"தைலம்மா, நீ எங்கே பொறந்தே?" என்று கேட்டேன்.

"த்வாண்டேயில. பானைச் சூளைக்குப் பக்கத்து வீட்ல. ஏன் ஸயா?"

"பின்னே இந்தியான்னு ஏன் சொன்னே?"

"எந்த நாடுன்னு தம்பி கேட்டுச்சு. நம்ம நாடு இந்தியாதானே?"

த்வாண்டே இதே நாட்டில், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. தைலம்மாள் கப்பலைக்கூடத் தூரத்திலிருந்துதான் பார்த்தவர். நான் சுரேந்திரனை நிறுத்தச் சொன்னேன். அவர் சிரித்து, "ஸயாவுக்குக் கெடைக்கலேன்னா ஊர்ல ஒருத்தரும் போகக் கூடாதா?" என்று சொல்லிக்கொண்டே அனுப்பும் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். அதன்பின் நான் சுவரிலிருந்த மின்சார வயரைப் பிடுங்கினேன். அதை மறுக்கவில்லை. மறுபடியும் அந்த நிலை வந்தால் மறுபடியும் பிடுங்குவேன். அந்த மனு போகவில்லை.

கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று புகாரில் கண்டிருக்கிறது. இந்த ஊரில் மின்சாரம் நாள்தோறும் பலமுறை போய் வருகிறது. அதிலெல்லாம் சாகாத கம்ப்யூட்டர் என் கை பட்டுச் செத்தது என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் சுரேந்திரன்.

அதன்பின் நான் இங்கே அழைத்து வரப்பட்டேன். இந்தியா என்று போடச் சொன்னது நான்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டால் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சுரேந்திரன் சொல்லியனுப்பினார். இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்று அதிகாரியும் அன்பாகச் சொன்னார். நான் மறுத்தேன். நான் இந்தியாவில் பிறந்ததாக என் கையெழுத்தோடு ஒரு காகிதம் இருந்தால் அது என்றைக்காவது எந்தத் தூதரகத்திலாவது என் முன்னால் வந்து நிற்கும்.

மதியம் என் மனைவி மக்தலேனா சாப்பாட்டுடன் வந்தாள். டிசம்பர் முதல் தேதியோடு மனு வாங்குவது முடிகிறது என்பது அவளுக்கும் தெரியும்.

"கையெழுத்தப் போட்டுட்டு வாங்களேன். எல்லாத்துக்கும் ஒரு வீம்பு" என்றாள்.

நான் காரணத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினாள்.

"அப்போ என் பேர்ல நான் போடுறேன். நானும் இங்கதானே பொறந்தேன். தைலம்மாளையும் கூட்டிட்டு வேற கடைக்குப் போறேன். விழுந்துச்சுன்னா நீங்க என் புருஷன்னு பின்னாடி வாங்க. வருவீங்களா, அதுக்கும் மாட்டீங்களா?"

இதுவரை நான் யாருக்கும் பின்னால் போனவன் அல்ல. வருகிறேன் என்றேன். புகைப்படத்தில் முகத்தில் தனாக்கா பூச்சு இருக்கக் கூடாது, கழுவிவிட்டுப் போ என்றும் சொல்லி அனுப்பினேன்.

இதில் எழுதியுள்ளது முழுவதும் நடந்தது நடந்தபடியே. எவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தியிருந்தால் அதையும் எழுதியிருப்பேன். நானே படித்துப் பார்த்துச் சரியெனக் கண்டு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) தே. ஜெபதாஸ்