கடிதப்பெட்டித் திறப்பு

யோகேந்திரன் அண்ணை, எங்கள் வீட்டுக் கடிதப்பெட்டியின் திறப்பு எட்டு வயதிலிருந்து என்னிடம்தான் இருக்கிறது. ஒரு சப்பாத்துக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெட்டியைத் திறந்து, பிரெஞ்சுக் கடிதங்களைச் சமையலறை மேசையில் பரப்பி, வரி, மின்சாரம், குடிவரவு என்று பிரித்து அம்மாவுக்குச் சொல்லுவேன். லாசாலில் எங்கள் கட்டடத்திலிருந்த மற்றத் தமிழ்ச் சனமும் கதவைத் தட்டும். "ஜொய்சி, இதில என்ன கிடக்கெண்டு ஒருக்கா பார் பிள்ளை." பார்த்துச் சொல்லுவேன். சொன்னது சரியா என்று ஒருவரும் ஒருநாளும் வேறு ஆளிடம் கேட்டதில்லை.

நீங்கள் ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்பாளர். அதற்குச் சம்பளம் வாங்குகிறீர்கள். நான் பதினாறு வருடம் சும்மா செய்தேன். கோபத்தில் சொல்லவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதித் தரச் சொன்னீர்கள். ஒழுங்கு இங்கேதான் தொடங்குகிறது.

எமிலியானுஸ் மாமா அம்மாவின் தம்பி. மன்னாரிலிருந்து வந்து ஒன்பது வருடமாக எங்கள் பேஸ்மென்டில் இருக்கிறார். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை. ஞாயிறு பூசையில் பாடுவார். சனிக்கிழமைகளில் கலியாணமும், பெண்பிள்ளைகள் பெரியவளான சாமத்தியவீடும். சனம் றோல்ஸ் கடித்துக்கொண்டு வீடு விலை கதைத்துக்கொண்டிருக்க, மாமா ஒரு மூலையில் நின்று சினிமாப் பாட்டுப் பாடுவார். கடைசியில் யாராவது ஒரு உறையைக் கையில் வைப்பார்கள். அதுதான் அவருடைய இசை வாழ்க்கை.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். வணிக முகாமைத்துவம். எழுபது வேலைக்கு விண்ணப்பித்து, கடைசியில் ஒரு டெப்பனரில், தெருமூலைக் கடையில், லொத்தர் சீட்டு விற்றேன். எங்கள் கட்டடத்து நல்லம்மா அன்ரி பால் வாங்க வந்தவர், "படிச்சும் இதிலதானே நிக்கிறாய்" என்று சிரித்துவிட்டு மிச்சக் காசை எண்ணினார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப என்னை முன்னுக்குக் கொண்டுவா. உனக்கும் வேலை, எனக்கும் வேலை" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அப்படி எடுக்கவில்லை.

முதலில் சினிமாப் பாட்டை நிறுத்தினேன். அடுத்தவனுடைய பாட்டைப் பாடினால் வாழ்நாள் முழுக்க உறைதான் கிடைக்கும். மாமாவிடம் சொந்தப் பாட்டுகள் இருந்தன. களஞ்சியத்தைப் பற்றி, பனியில் வராத பேருந்தைப் பற்றி. அவற்றைப் பேஸ்மென்டில், குளிர்கோட்டுகள் தொங்கும் அலுமாரிக்குள் நிறுத்திப் பதிவு செய்தேன். கோட்டுகள் எதிரொலியைக் குடித்துவிடும். உரிமைகளை அவருடைய பெயரில் பதிந்தேன். என் பெயரை எங்கேயும் போடவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் ஆயிரம் தடவை ஒரு பாட்டைக் கேட்டால் ஒரு கோப்பி வாங்கலாம். அதனால் மேடை வேண்டும். மேடைக்கு, விழாக்களுக்குப் பாடகர்களைத் தெரிவுசெய்கிறவர்கள் வேண்டும். இருநூறு பேருக்கு எழுதினேன். நான்கு பேர் பதில் போட்டார்கள், மரியாதையாக, இல்லை என்று.

மூன்றாவது பாட்டைப் பதியும்போது மாமாவின் குரல் கரகரத்தது. சளி என்றார். அந்தப் பாட்டைத்தான் சனம் கேட்டது. தமிழ் ஒரு சொல் தெரியாத பிரெஞ்சுக்காரர்கள், இந்தக் குரலில் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று கீழே எழுதினார்கள். மாதத்துக்கு மாதம் கரகரப்புக் கூடியது, கேட்பவர்களும் கூடினார்கள். ஒருநாள் இரண்டையும் ஒரே தாளில் கோடாக வரைந்து பார்த்தேன். இரண்டும் சேர்ந்தே ஏறின.

ஏப்ரலில் நான்தான் அவரை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கவனமில்லாத ஆள் என்றால் கூட்டிக்கொண்டு போயிருப்பேனா? மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று படிவத்தில் கேட்டிருந்தது. தேவையில்லை, மருமகள் இருக்கிறார் என்று எழுதினேன். அந்தப் படிவத்தை நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். கையெழுத்து என்னுடையதுதான்.

டொக்டர் மூக்கு வழியாகக் கமராவை விட்டுப் பார்த்தார். குரல்நாணில் ஒரு வளர்ச்சி இருக்கிறது, துண்டு எடுத்துச் சோதிக்கவேண்டும், தாமதிக்கக்கூடாது என்றார். மாமா என் முகத்தைப் பார்த்தார்.

"என்னவாம்?"

"தொண்டை களைச்சுப்போச்சாம் மாமா. சுடுதண்ணி குடிக்கட்டாம். பேந்து ஒருக்கா பாப்பினமாம்."

"நான் சொன்னனான்தானே, நீதான் சும்மா பயந்தனி" என்று சிரித்தார். அவர் சிரித்ததைக் கண்டு டொக்டரும் சிரித்தார். துணிவான மனிதர் என்று நினைத்திருப்பார்.

ஒரு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. துண்டு எடுக்கும் திகதி யூன் பதினொன்று. யூன் பன்னிரண்டில், அந்தக் கரகரத்த பாட்டைக் கேட்டு எங்களையும் கூப்பிட்டிருந்த ஒரு தெரிவு மேடையில், நாற்பது விழாக்காரர் முன்னால் மாமா பாடவேண்டும். ஒவ்வொரு பாடகருக்கும் இருபது நிமிடம். வராதவருக்கு அடுத்த வருடமும் இடமில்லை என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தேன். என் பிரெஞ்சு நல்லது. கேட்பவர்கள் இங்கேயே ஏழு தலைமுறை என்று நினைப்பார்கள். மாமாவுக்கு வசதியில்லை என்றேன். செப்டெம்பர் தந்தார்கள். கடிதத்தை என் பைக்குள் வைத்தேன்.

பன்னிரண்டாம் திகதி மாமா பாடி முடிய, நாற்பது பேரும் எழும்பி நின்றார்கள். என் வாழ்க்கையில் யாரும் எனக்காக எழும்பி நின்றதில்லை. ஏழு ஊரில் மேடை கிடைத்தது, செப்டெம்பரிலும் ஒக்ரோபரிலும். அதனால் மறுபடி தொலைபேசி எடுத்தேன். சனவரி தந்தார்கள். அந்தக் கடிதமும் என் பைக்குள் போனது. உங்கள் கோப்பில் இரண்டு தடவை ரத்து என்று எழுதியிருக்கிறது. அது பிழை. நான் ரத்துச் செய்யவில்லை, தள்ளிவைத்தேன். திருத்திவிடுங்கள்.

ஒக்ரோபரில், ஆறாவது ஊரிலிருந்து திரும்பி வரும்போது, காரில் மாமா கேட்டார். அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"பிள்ளை, விழுங்கேக்க நோகுது. அந்த டொக்டர் ஒண்டும் அனுப்பேல்லையோ?"

இரண்டு கடிதங்களும் பின்சீட்டில், என் பைக்குள் இருந்தன.

"இல்லை மாமா."

"உனக்குத் தெரியாமல் ஒண்டும் வராதுதானே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

டிசம்பரில் வேலையிடத்தில் இருமி இரத்தம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என்னைத் தேடிக் கிடைக்காமல் உங்களைக் கூப்பிட்டார்கள். நான் வரும்போது நீங்கள் கட்டிலடியில் நின்றீர்கள். புற்று, குரல்வளை முழுவதும் எடுக்கவேண்டும், ஏன் இரண்டு தடவை தள்ளிப்போட்டீர்கள் என்று டொக்டர் கேட்டதை நீங்கள் அப்படியே தமிழில் சொன்னீர்கள். மாமா, "நான் ஒண்டையும் தள்ளிப்போடேல்லையே" என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அவர் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் மாமாவிடம், ஆஸ்பத்திரிக்காரர் கோப்பை மாறிப்போட்டிருப்பார்கள் என்றேன். நம்பினார். அம்மாவும் நம்பினார். பார்க்க வருகிற எல்லாரிடமும், தன் பெயரைச் சொல்லி, இந்த அக்னெஸின் சாபம் அந்த ஆஸ்பத்திரியைச் சும்மா விடாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் தடுக்கவில்லை. அழுகிற ஆளுக்குத் திட்ட ஒரு இடம் வேண்டும்.

அறுவைக்கு முன் மூன்று கிழமை வீட்டில் இருந்தார். அந்த நாட்களில் பதினொரு பாட்டுப் பதிந்தோம். நான் கட்டாயப்படுத்தவில்லை. மிச்சமிருக்கிற குரலை வீணாக்கக்கூடாது என்று மட்டும் சொன்னேன். தொண்டை அடைத்தால் கோட்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். துடைத்த கடதாசியில் சிவப்புத் தெரிந்தால் பத்து நிமிடம் இடைவேளை விட்டேன். அவருடைய மிகச் சிறந்த பதிவுகள் அவை. நீங்களும் கேட்டால் ஒத்துக்கொள்வீர்கள்.

இப்போது மாமா ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் எழுதித்தான் கதைக்கிறார். போன கிழமை எழுதினார்: நீ இல்லாட்டி நான் கலியாணவீட்டிலேயே செத்திருப்பன். அந்தப் பலகையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் அனுப்புகிறேன்.

கடிதங்களை ஒளித்தது நான். பொய் சொன்னது நான். யூனிலேயே துண்டு எடுத்திருந்தால் குரல் தப்பியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னது எனக்குத் தெரியும், அதை மொழிபெயர்க்க எனக்கு நீங்கள் தேவைப்படவில்லை. ஆனால் அவருக்குக் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் எழுதமாட்டேன்.

இதைத் தமிழில் எழுதச் சொன்னீர்கள், மாமா யாரையும் கேளாமல் தானே வாசிக்கட்டும் என்று. நியாயம். இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். உங்களுடையதை இன்றைக்குத் தபாலில் போடுகிறேன். மாமாவினுடையது என் பைக்குள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அந்தப் பதினொரு பாட்டும் வெளியாகின்றன. அடுத்த கிழமை வானொலிக்காரர் வீட்டுக்கு வருகிறார்கள். இந்த நேரத்தில் அவருடைய மனத்தைக் குழப்பக்கூடாது. கொடுக்கமாட்டேன் என்று நான் சொல்லவில்லை அண்ணை. திகதியை மட்டும் கொஞ்சம் தள்ளிவைத்திருக்கிறேன்.