அக்காவின் வரியில்லா வரம்பு

நின்றுகொண்டே பேசலாமா? ஓரிடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார என்னால் முடியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று சின்ன வயதிலேயே வீட்டில் கேலி செய்வார்கள்.

சாயங்கால வேலைக்குப் போனதும் அதனால்தான். பகலில் தண்ணீர் வாரியத்தில் எழுத்தர். வீட்டுக்கு வந்தால் அக்கா. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து மூன்று வருடமாகப் படுக்கை. தலையணையைத் திருப்பு, ஜன்னலைச் சாத்து என்று ஓயாமல் கூப்பிடுவாள். எரிச்சலாகத்தான் இருக்கும், மறைப்பானேன்? அந்த அறைக்குள் எனக்கு மூச்சு முட்டும். அதற்கு ஓட்டல் சலவைக்கூடத்தில் நாலு மணி நேரம் விரிப்பு மடிப்பது எவ்வளவோ மேல்.

இரண்டாவது வேலைக்கு எப்படி வரி போடுகிறார்கள் என்பது வரி அதிகாரியான உங்களுக்குத் தெரியாததல்ல. ஆளுக்கு ஒரு வரம்பு. அதுவரை வரி கிடையாது. என்னுடைய வரம்பை வாரியச் சம்பளமே விழுங்கிவிடும். சலவைக்கூடத்துச் சம்பளத்தில் முதல் காசிலிருந்தே பிடிப்பார்கள். முதுகு ஒடிய வேலை செய்வது நான், ஐந்தில் ஒரு பங்கு உங்களுக்கு. அக்காவுக்கும் அதே வரம்பு உண்டு. சம்பாத்தியமே இல்லாத அவளுடையது வருடா வருடம் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

அவள் பெயரில், அவள் வரி எண்ணில் சேர்ந்தேன்.

"என்னடி படிவம் இது?"

"உன் நல்லதுக்குத்தான். இங்க கையெழுத்து போடுக்கா."

படிக்காமலே போட்டாள். சலவைக்கூடத்தில் அக்காவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

அவளுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும். வருமானம் இல்லாதவள் என்பதால் அரசாங்கமே செலவை ஏற்றிருந்தது. நான்காம் மாதம் கடிதம் வந்தது. தாங்கள் சம்பாதிப்பது தெரியவந்துள்ளதால் உதவி நிறுத்தப்படுகிறது, தவறென்றால் முப்பது நாளுக்குள் விளக்கலாம் என்று எழுதியிருந்தது. அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு தரம் போனை எடுத்து எடுத்து வைத்தேன். வேலை செய்வது அக்கா இல்லை, நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உதவி திரும்பியிருக்கும். என் வேலை இரண்டும் போயிருக்கும். எனக்கென்று தனியாக ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன், அதுவும் போயிருக்கும். கடிதத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

அவளை அம்போவென்று விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வாரம் ஒரு முறைக்கு என் கைக்காசைக் கட்டினேன். ரசீது எல்லாம் இருக்கிறது.

"ஏன்டி, இந்த வாரம் ஒரு தடவைதானே போனோம்?"

"டாக்டர்தான் குறைச்சுட்டார்க்கா. நல்லாத் தேறிட்டு வர்றியாம்."

அப்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் நான் எழுந்து நடப்பேன் பாருங்க என்று சிரித்தாள். அவ்வளவு சந்தோஷத்தை யார் அவளுக்குக் கொடுத்தார்கள்? கால் வீங்கியபோது உப்பைக் குறைத்தேன். மூச்சு வாங்கியபோது தலைமாட்டை உயர்த்தினேன். மருத்துவமனைக்குப் போவோமா என்று கேட்டாள். முறை வரட்டும் என்றேன். ஏழாவது வாரம், செவ்வாய்க்கிழமை, போய்விட்டாள். வீடு நிறைய உறவுக்காரர்கள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, அழவும் வரவில்லை. மறுநாளே விரிப்பு மடிக்கப் போய்விட்டேன்.

செத்துப்போனவள் எப்படி இரண்டு மாதமாகச் சம்பளம் வாங்குகிறாள் என்றுதானே என்னைத் தேடி வந்தீர்கள்? அது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு மாதத்துக்கு உரிய வரியை என் பெயரில் எழுதுங்கள், கட்டிவிடுகிறேன். மற்றபடி, அக்கா உயிரோடு இருந்தவரை அவளுக்குச் சேர வேண்டியதில் ஒரு சல்லிக்காசைக்கூட நான் தொட்டதில்லை.