இரண்டு அரை ஆள்

“ஹலோ… கேக்குதா?… வெச்சுடாதீங்க அண்ணி, ரெண்டு நிமிஷம்… தெரியும், தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே உங்க சமையலறையில வெச்சுச் சொன்னீங்க. ‘நீ என் தம்பி பொண்டாட்டின்னு ஹோட்டல்ல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது. அது வேணும் இது வேணும்னு என் மேஜை முன்னால வந்து நிக்கவும் கூடாது’ன்னு. நான் ‘சரிங்க அண்ணி’ன்னேன். நாலு வருஷம் ஆச்சு. ஒரு தடவை வந்து நின்னிருப்பேனா?… அதான, இல்லையே.”

சலவைக்கூடத்துச் சுவரில் தொங்கிய போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மறுமுனையில், இரண்டு மாடிக்கு மேலே, கணவனின் அக்கா. ஹோட்டலில் யாருக்கு என்ன வேலை, யாருக்கு எத்தனை மணி என்று தீர்மானிக்கும் அதிகாரி.

“காலையில துணி ரூமுக்கு வந்தீங்க. குட்டி ‘அத்தை’ன்னு ஓடி வந்தா. நீங்க சூப்பர்வைசரைப் பாத்து ‘யார் பிள்ளை இது?’ன்னு கேட்டீங்க… ஆமா, ஆமா, சுத்தி ஆள் இருந்தாங்க. மூணு வயசுக்கு அது புரியுமா?… அழல. அழுதிருந்தா தேவல. பேசாம போய்த் தலையணை உறை மூட்டைக்குப் பின்னால உக்காந்துக்கிட்டா. அங்க இருக்கும்போது வாயைப் பொத்திக்கிட்டுதான் இருமுறா, தெரியுமா?… வேற எங்க விட? உங்க தம்பி லாரியோட போனா திரும்ப பத்து நாள். புதுசா கேக்கற மாதிரி கேக்கறீங்களே.”

பகலில் குட்டியை விட அரசாங்கக் குழந்தைகள் காப்பகத்தில் ஓர் இடம் இருந்தது. முழுநேரம் வேலை பார்க்கும் தாய் என்று முதலாளி தரப்பில் ஒரு கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான். அந்தப் படிவம் மூன்று வாரமாக மேலே அண்ணியின் மேஜையில் கிடந்தது.

“…என்னது, அரை நேரமா? யாரு, நானா?”

காலையில் ஒரு வருகை அட்டை, மதியத்துக்கு மேல் இன்னோர் அட்டை. முதலாவது ஹோட்டல் பெயரில், மற்றது முகம் தெரியாத ஓர் ஒப்பந்தக்காரர் பெயரில். நிற்பது ஒரே மேஜை, மடிப்பது ஒரே விரிப்பு. காகிதத்தில் மட்டும் அவள் இரண்டு அரை ஆள்.

“அந்த ரெண்டாவது அட்டைக்கு யாரு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னது?… சும்மா ஒரு பேருக்குன்னு பேனாவையும் நீங்கதான் நீட்டினீங்க. வீட்டு மனுஷி சொல்றாங்கன்னு படிக்காமலே போட்டேனே, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்… எனக்கு மட்டும் முழுநேரம்னு எப்படிப் போடறதா? எல்லாரும் கேப்பாங்களா? கேக்கட்டுமே! இங்க எல்லாரும் ரெண்டு அட்டைக்காரிங்கதான்… என்ன? குட்டிக்குக் கவுன் வாங்கித் தர்றீங்களா? எதுக்கு அண்ணி, அதைப் போட்டுக்கிட்டு மூட்டைக்குப் பின்னால உக்காரவா?”

மடித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ‘அண்ணி’ என்ற சொல் அவர்கள் காதில் விழுந்துவிட்டது. நாலு வருஷமாக ‘மேடம்’ என்றே சொல்லிப் பழகிய வாய். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“…மெதுவாவா? மெதுவாப் பேசிப் பேசித்தான் இந்த லட்சணம்… சரி, வெச்சுடுங்க. அதுக்கு முன்னால ஒண்ணு. ஃபாரத்தை சூப்பர்வைசர் கையில குடுத்து அனுப்பினேன், நீங்களாப் பாத்து செய்வீங்கன்னு. என் வாயால கேக்கல. இப்போ கேக்கறேன். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அது காப்பகத்துக்குப் போய்ச் சேரணும். ரெண்டு அட்டையையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இங்க நின்னு வேலை பாக்கறவ ஒரே ஒரு பொம்பளைதான்னு உங்க கையால எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க அண்ணி.”