பத்தாவது ஆள்

ரத்தினபாய்: ரெண்டாயிரத்து எண்ணூத்தி அம்பது ரூபா. நாலு வருசம். வட்டி கேக்கல துளசிங்கம்... வூட்டுக்குள்ள வரும்போது மூஞ்சியவாவது நேரா வெச்சுகினு வா.

துளசிங்கம்: வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியேக்கா... பணம் கொண்டாந்துகிறேன். இந்தா.

ரத்தினபாய்: கையிலயே வை. இதுக்கா மலைய வுட்டு எறங்கி வந்தே?

துளசிங்கம்: பின்ன? வாங்குனவன் குடுக்க வேணாமா?

ரத்தினபாய்: பஸ்ஸுலயா?

துளசிங்கம்: ம்... கிளாம்பாக்கத்துல எறங்கி, இன்னொரு பஸ்ஸு புடிச்சு பல்லாவரம்...

ரத்தினபாய்: பதினோரு மணி நேரம் பஸ்ஸுல குந்திகினு வந்தவனுக்கு சட்டை மடிப்பு கலையல!

துளசிங்கம்: ...சரி, பிளேன்ல வந்தேன்.

ரத்தினபாய்: அடேங்கப்பா! ரன்வேக்கு ஜல்லி கொட்டப் போனவன் அதுலயே பறந்து வந்துகிறான்!

துளசிங்கம்: இப்ப ஜல்லி இல்லக்கா, காவல். பிளேன் எறங்கறப்ப மாடு, மயிலு எதுவும் உள்ள வரக்கூடாது. வெடி போட்டுத் தொரத்துவேன். என் தலை தெரிஞ்சா மாடு தானா யூ-டர்ன் அடிக்கும்.

ரத்தினபாய்: மாட்ட வுடு. டிக்கெட்டு யாரு எடுத்தா?

துளசிங்கம்: ஊரு.

ரத்தினபாய்: இன்னாது?

துளசிங்கம்: பத்தொம்பது சீட்டு பிளேன்க்கா. டிரிப்புக்குப் பத்து பேராச்சும் ஏறணுமாம். இந்த மாசம் ஒரு டிரிப்புல ஆள் குறைஞ்சாலும் பிளேன நிறுத்திடுவேன்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான். அதான் ஊர்ல முறை போட்டுகினோம். ஆள் குறையுற அன்னிக்கு முறைக்காரன் ஏறணும். வேலை கீதோ இல்லியோ. போன வாரம் பரோட்டாக் கடைக்காரரு மீனம்பாக்கத்துல எறங்கி, ஒரு டீ குடிச்சிட்டு, அதே பிளேன்ல திரும்பிட்டாரு.

ரத்தினபாய்: பைத்தியக்கார ஊருடா உன் ஊரு!

துளசிங்கம்: சிரிக்காதக்கா. மழை வந்தா ரோடே அறுத்துகினு போயிடும். ஐப்பசியில என் பொண்டாட்டி வயித்துல புள்ள குறுக்கால நின்னுடுச்சு. அந்தப் பிளேன் இல்லேன்னா ரெண்டு பேருமே இல்ல.

ரத்தினபாய்: ...புள்ள எப்படிக் கீது?

துளசிங்கம்: தவழுறான். ரன்வேல வுட்டா டேக்-ஆஃப் ஆயிடுவான்.

ரத்தினபாய்: சரி, நீ திரும்புறது எப்போ?

துளசிங்கம்: நாளைக்குக் காலையில. மாசத்துக் கடைசி டிரிப்பு. நேத்து வரைக்கும் என்னையும் சேத்து ஒம்பது பேரு.

ரத்தினபாய்: ஒண்ணு குறையுது.

துளசிங்கம்: ஆமா... ஊர்ப் பொதுப்பணமும் காலி.

ரத்தினபாய்: அதுக்கு ஏன் தலையச் சொறியுறே? கேக்க வந்தத கேளேன்.

துளசிங்கம்: இந்தக் காச... இன்னும் ஒரு மாசம் வெச்சுக்கட்டுமா? டிக்கெட்டும் இதே ரேட்டுதான். ஏற ஒரு ஆளப் புடிக்கணும். ஸ்டேஷன் வாசல்ல ஆட்டோக்காரங்களக் கேட்டுப் பாக்குறேன். ஒருத்தனாச்சும் சிக்குவான், நீ வேணா பாரு.

ரத்தினபாய்: முடியாது. காச இப்படிக் குடு.

துளசிங்கம்: அக்கா...

ரத்தினபாய்: குடுன்றேன்ல... ரெண்டாயிரம்... எண்ணூறு... அம்பது. கரெக்டாக் கீது. உன் கடன் தீந்துச்சு.

துளசிங்கம்: ...வரேன்க்கா.

ரத்தினபாய்: எங்க போறே? குந்து. முந்தாநேத்தே உன் பொண்டாட்டி போன்ல எல்லாம் சொல்லிட்டா. காலையில முதல் வேலையா அந்தப் பத்தாவது டிக்கெட்ட என் பேர்ல போட்டாச்சு, தோல் கம்பெனியில நாலு நாள் லீவும் சொல்லியாச்சு. அது கெடக்கட்டும்... அங்க குளுருமா? ஸ்வெட்டர் எடுத்துக்கட்டா?