ஜெஸ்லினும் பத்து வினாடிப் பலகையும்

அவைத்தலைவராக அமர்ந்திருக்கும் துறைமுகச் சரக்கு முகவர் தங்கதுரை அண்ணாச்சி அவர்களே! குளிர்பானத்தோடு கொள்கையும் விற்க வந்திருக்கும் நிறுவனத்தாரே! முன்வரிசைப் பெரியோரே! மின்விசிறிக்கு நேராக இடம்பிடித்த தாய்மாரே! வெயில் விழும் பக்கம் ஒதுக்கப்பட்ட இளைஞர்களே! உங்கள் அனைவர்க்கும் வணக்கம்.

“இளைய தலைமுறையை அறிவோம்” என்பது இன்றைய தலைப்பு. அறிந்தோமா? இவர்கள் ‘இசட்’ தலைமுறையாம். பத்து வினாடிக்கு மேல் எதிலும் கவனம் நில்லாதாம். நிறுவனத்தின் நிபுணர் ஷாம் இதே மேடையில் அறிவித்தார். எவ்வளவு நேரம் அறிவித்தார்? இரண்டு மணி நேரம்! இருந்து கேட்டவர் யார்? இந்த இளைஞர்கள்! மேடையில் கண்ணயர்ந்தவர் யார்? அண்ணாச்சி, நான் பெயர் சொல்லவில்லை.

பின்வரிசையில் யாரது, “சும்மா சொல்லுங்கம்மா” என்பது? சொன்னால் எனக்குச் சால்வை கிடைக்காதப்பா.

நாற்பதாண்டு புள்ளியியல் கற்பித்த கெட்ட பழக்கத்தால் ஷாமைக் கேட்டேன்: “எத்தனை பேரை விசாரித்தீர்கள்?”

“பதினோரு பேர், மேடம்.”

“எங்கே?”

“சென்னை ஏர்போர்ட்ல. எல்லாரும் ஃபிளைட்டுக்கு ஓடிட்டிருந்தாங்க. பத்து செகண்டுக்கு மேல ஒருத்தரும் நிக்கல மேடம்!”

இந்த ஆராய்ச்சிதான் துறைமுகச் சாலையில் குளிர்பான விளம்பரப் பலகையாக எழுந்தது. அதில் சிரிப்பவள் நம் ஜெஸ்லின். படத்துக்கு நின்றாள்; ஆனால் பக்கத்தில் “பத்து வினாடிதான் எங்கள் பொறுமை!” என்று அச்சிடப்போவதை அவளிடம் எவரும் சொல்லவில்லை. அண்ணாச்சியின் அலுவலகத்தில் கப்பல் சரக்கின் சுங்கப் பத்திரங்களைச் சரிபார்ப்பவள் அவள். பலகையைப் பார்த்த அண்ணாச்சி என்ன சொன்னார்?

“ஏளா, பத்து செகண்டுல உனக்குச் சலிச்சிட்டுன்னா கஸ்டம்ஸ் பேப்பர எவன் பாப்பான்? இனிமே நீ வர்ற ஃபோன மட்டும் எடு, போதும்.”

“மூணு வருசத்துல நான் பாத்த பேப்பர் ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா, அண்ணாச்சி?”

“போர்டுல போட்டிருக்குல்லா!”

போர்டில் போட்டிருக்கிறதாம்! மூன்றாண்டு உழைப்பு பொய்யா? மூன்றாள் உயரப் பலகை மெய்யா? பக்கத்தில் இருக்கும் பெண்ணை நம்பாமல், பானம் விற்பவனின் பலகையை நம்பலாமா? ‘இசட்’ என்ற ஓரெழுத்தை ஒட்டி ஒதுக்கிவைக்க, இவர்கள் என்ன கன்டெய்னர் பெட்டிகளா?

அண்ணாச்சி, ஒரே கோரிக்கை: அவள் வேலையை அவளுக்கே திருப்பிக் கொடுங்கள். தலையாட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. ஒலிவாங்கியில் சொல்லுங்கள்.

“சரிம்மா, சரி... ஏளா ஜெஸ்லின், திங்கக்கிழமை உன் சீட்டுலயே வந்து உக்காரு.”

கைதட்டல் இருக்கட்டும். மேடையில் மனமிளகுவோர் மறுநாள் மறப்பதுண்டு. ஜெஸ்லின், இங்கே வா. இதை எழுத்தில் வாங்கிக்கொள். பேனா என்னிடம் இருக்கிறது. அண்ணாச்சி கையெழுத்திட்ட பிறகே நான் இறங்குவேன். அதுவரை பொறுத்திருக்கப் போகும் அவைக்கு என் நன்றியும் வணக்கமும்!