சம்பவம் இல்லாத வருஷம்

எனக்குச் சைக்கிள் ஓட்டுவது பிடிக்கும். தங்கை வீட்டுக்குப் போய்ச்சேரத் தாமதமானது அந்தப் பழக்கத்தால்தான் என்று எழுதிக்கொண்டீர்கள். அது சரியல்ல, சார். காவல் நிலைய வண்டியை எடுத்தால் எங்கே, எதற்கு என்று பதிய வேண்டும். பதிந்தால் அது சம்பவம். சம்பவமானால் குற்றக் கணக்கில் ஏறிவிடும். தெரிந்தேதான் சைக்கிளை எடுத்தேன்.

பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள்: நல்ல போலீசுக்கு அடையாளம் பிடிபட்ட திருடர்கள் அல்ல, குற்றமே நடக்காத ஊர். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். புகார் வாங்கும் மேசை என்னுடையது. வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவேன், டீ வாங்கித் தருவேன். சங்கிலியைப் பறிகொடுத்தவர் அதை எங்கோ தொலைத்தவராகத் திரும்பிப் போவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்ததில்லை, பூசணிக்காயே இல்லை என்று அவர் வாயாலேயே சொல்லவைப்பேன். மேலதிகாரி எனக்குப் 'பஞ்சு' என்று பேர் வைத்திருந்தார். எந்தக் காயத்தையும் ஒற்றி எடுத்துவிடுவேனாம்.

போன வாரம் திங்கட்கிழமை தங்கை வந்தாள். இடது கை வீங்கியிருந்தது. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"வீட்டுக்குப் போம்மா. சாயங்காலம் வந்து மாப்பிள்ளைகிட்ட பேசறேன்."

"உன்கிட்ட அண்ணன்னு வரலை. போலீஸ்னு வந்திருக்கேன். எழுதிக்கோ."

"எழுதினா அவர் வேலை போயிடும். அப்புறம் யாரு சோறு போடுவா?"

"நான் உயிரோட இருந்தாத்தானேண்ணா சோறு?"

நியாயமான கேள்விதான். மாப்பிள்ளைக்குப் போன் செய்து, வந்து கூட்டிப்போகச் சொன்னேன். வந்தார். அவள் பையை அவரே தூக்கிக்கொண்டார். அதைப் பார்க்க எனக்கு மனசு குளிர்ந்தது.

வியாழன் மதியம் மேசைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணா, கதவை உடைக்கிறாரு. வண்டியை அனுப்பு."

வண்டி ஜன்னலுக்கு வெளியே நின்றது. டிரைவர் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வாரம் போனால் வன்முறைக் கணக்கில் வருஷம் முழுக்கப் பூஜ்யம். எங்கள் நிலையத்துக்கு அப்படி ஒரு வருஷம் வாய்த்ததே இல்லை.

"நானே வர்றேம்மா," என்றேன்.

மூச்சு முட்ட மிதித்தேன். அழுதுகொண்டே மிதித்தேன். நான் கல்நெஞ்சக்காரன் அல்ல.

கதவு உடைந்திருந்தது. அவள் சமையலறைத் தரையில் கிடந்தாள். மாப்பிள்ளை சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். இருவருமாக அவளைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே கிடத்தினோம். தரையைத் துடைத்தேன். அதன்பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, படியில் தவறி விழுந்துவிட்டாள் என்றேன்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். தூக்கும்போது அவளுக்கு உயிர் இருந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன்.

மாப்பிள்ளையையும் என்னையும் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்பது ஒன்றுதான். வருஷம் முடிய இரண்டு நாள் இருக்கிறது. அது கழிந்து வழக்கைப் பதியுங்கள், சார். அண்ணன் வேலை பார்த்த இடத்துக்குத் தன்னால் கெட்ட பேர் வந்தது என்றால், பாவம், அவள் தாங்கமாட்டாள்.