வேண்டாத இசைத்தட்டுகள்

வேண்டாத பொருளை வீட்டில் அடைத்து வைப்பது எனக்குப் பிடிக்காது. இடம் போகிறது, தூசி சேர்கிறது, வேறு யாருக்காவது உதவக்கூடியது வீணாகிறது.

நேற்று நீங்கள் நான்கு மாத விடுப்பு முடிந்து, மாமாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க மறுபடி வந்தீர்கள். அலமாரியைப் பார்த்துவிட்டு, "ரெக்கார்டெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டீர்கள். பகிர்வுப் பெட்டியில் வைத்துவிட்டேன் என்றேன். நீங்கள் பயிற்சி நோட்டை மட்டும் எடுத்து வைக்கச் சொன்னீர்கள், வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னீர்கள். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மன்னிக்கவும். நோட்டைத் தருவதற்கு முன் அதன் பின்பக்கங்களில் சில விளக்கங்களை எழுதிவிடுகிறேன். முதலில் பென்சிலில் எழுதினேன். பிறகு பேனாவே சரி என்று பட்டது.

பகிர்வுப் பெட்டி எங்கள் தெருமுனையில், சலவைக்கடைக்கு எதிரே இருக்கிறது. கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரி. 'வேண்டாததை வையுங்கள், வேண்டியதை எடுங்கள்' என்று மேலே எழுதியிருக்கும். புத்தகம், கோப்பை, குழந்தைக் காலணி, எல்லாம் வரும், போகும். இதேபோல் பேருந்து நிறுத்தத்தில் ஒன்று, நூலக வாசலில் ஒன்று. மூன்றிலும் மாற்றி மாற்றி, ஒரு நாளைக்கு ஒரு தட்டு வீதம் வைத்தேன். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் சாஸ்திரிய சங்கீதம். உறையில் கீறல் இருந்தால் ஒட்டினேன். தட்டைத் துடைத்து, ஓரத்தை மட்டும் பிடித்துத்தான் உள்ளே போட்டேன். மாமா அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்.

சலவைக்கடைக்காரர் ஒருநாள் இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "டெய்லி ஒண்ணொண்ணா சுமக்கறியேம்மா, மொத்தமா வச்சா வேலை முடிஞ்சுதே" என்றார். மொத்தமாக வைத்தால் ஒரே ஆள் அள்ளிக்கொண்டு போய்விடுவார், பலருக்குக் கிடைக்கட்டும் என்றேன். நல்ல மனசு என்று அவர் பாராட்டினார். ஒரே ஆளிடம் இருந்தால் திரும்ப வாங்கிவிட முடியும் என்பதும் அப்போது என் நினைவில் இருந்தது. அதை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு தட்டைக்கூட மாமாவைக் கேட்காமல் எடுக்கவில்லை. இதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தினமும் மதியம் கண்ணாடிக் கடையிலிருந்து வந்து, கை கழுவிக்கொண்டு, அன்றைய தட்டை அவர் கண்ணெதிரே பிடித்து, "இது வேணுமா மாமா?" என்று கேட்பேன். அவர் வேண்டாம் என்பார். நோட்டில் தேதி, தட்டின் எண், கேள்வி, பதில், எந்தப் பெட்டி என்று ஐந்து கட்டம் போட்டிருக்கிறேன். தினமும் என்ன கேட்டேன், என்ன பதில் சொன்னார் என்று எழுதிவரச் சொன்னது நீங்கள்தான். நான் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்தும் மேசையில். நடுப்புள்ளி இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வரும். எழுதி வைக்காமல் எதையும் செய்ய எனக்கு வராது.

அத்தைக்கும் தெரியும். அவர் மதியம் பேக்கரி வேலைக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவார் என்பதால் நீங்கள் அவரை இரண்டு முறைதான் பார்த்திருப்பீர்கள். மாமா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலத்தில் வாங்கிச் சேர்த்த தட்டுகளை அத்தை 'என் சக்களத்திங்க' என்றுதான் சொல்வார். ஊரில் ஒருத்திக்கு ஒரு சக்களத்தி இருந்தால் எனக்கு நூற்றுப் பன்னிரண்டு, அத்தனை பேருக்கும் நான்தான் தூசி தட்ட வேண்டும் என்பார். மாமா அதற்குச் சிரித்துக்கொண்டே, "முதலாளியம்மா கோவம் அவரோகணத்துல இருக்கு, தரைத்தளம் வந்ததும் கதவு தானா திறந்துடும்" என்பார். அத்தையை அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முதலாளி என்றுதான் அழைப்பார். பக்கவாதம் வந்த பிறகு அத்தை என்னிடம் ஒரே ஒரு ஆசைதான் சொன்னார்: "ஒரு தடவை முதலாளின்னு கூப்பிட்டா போதும்டி. மிச்சத்த அவர் பேசவே வேண்டாம்."

அலமாரியில் இரண்டு அடுக்கு காலியான பிறகு அத்தை அவரையே நேராகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய செயல்படாத வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏங்க, நெசமாவே இதெல்லாம் வேண்டாமா?"

"வேண்டாம்" என்றார் மாமா. "வேண்டாம். வேண்டாம். வேண்டாம்." இடது கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது.

"அழறாரேடி."

"பழசெல்லாம் ஞாபகம் வருது போல அத்தை. பார்த்துப் பார்த்து மனசு கஷ்டப்படறதுக்கு, இல்லாம இருந்தா நல்லதுதானே" என்றேன்.

அத்தை முந்தானையால் அவர் காதைத் துடைத்துவிட்டு எழுந்துபோனார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை எழுத வேண்டும். மாமா காப்பிக்கும் வேண்டாம் என்பார். கோப்பையை உதட்டில் வைத்தால் கடைசிச் சொட்டுவரை குடிப்பார். போர்வைக்கும் வேண்டாம், ஜன்னல் திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். அத்தைக்கு இதில் வியப்பே இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு தட்டை வழித்துச் சாப்பிடுகிற மனிதர், கல்யாணமான நாளிலிருந்து இதே வீம்பு, படுத்தும் விடவில்லை என்பார். ஆனால் எனக்குத் தெரியும். நீங்கள் மூன்றாவது முறை வந்தபோது, செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னீர்கள்: "வேண்டாம்கிறது இப்ப அவருக்கு ஒரு வார்த்தையே இல்லம்மா. வாயில மாட்டிக்கிட்ட ஒரு சத்தம். ஆமாம்னு சொல்ல நினைச்சாலும் அதுதான் வரும். வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிடு." அத்தையிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை. அன்று மறந்துவிட்டேன். மறுநாள் நினைவிருந்தது.

இன்னொன்றும் சொன்னீர்கள். பேச்சு போன வழி அடைத்திருந்தாலும் பாட்டு போகிற வழி திறந்திருக்கிறது, அவருக்குப் பழகிய பாட்டோடு சேர்த்து வார்த்தையைப் பாடவைத்தால் பேச்சு அந்த வழியாக வந்து சேரும் என்றீர்கள். இந்தச் சில மாதம்தான் முக்கியம், இதை விட்டால் பிறகு கஷ்டம், ரெக்கார்டை மட்டும் நிறுத்திவிடாதே என்றீர்கள். மாமாவின் இடது கையைப் பிடித்துத் தொடையில் தாளம் தட்டவைத்து, தட்டில் ஓடும் மெட்டில் 'தண்ணி கொடு' என்று பாடவைத்தீர்கள். மூன்று வாரத்தில் பாடினார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

நீங்கள் விடுப்பில் போன ஐந்தாம் நாள். மதியம். நான் அதே தட்டைப் போட்டுவிட்டு, நீங்கள் சொன்னபடி அவர் கையைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தேன். 'தண்ணி கொடு' என்ற இடம் வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதே மெட்டில் வேறொன்று பாடினார்.

"கண்ணாடி... போக... வேண்டாம்..."

கண்ணாடி என்பது நான். கடையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் எனக்கு வைத்த பெயர்.

மறுநாளிலிருந்து தட்டுகளைக் கொடுக்க ஆரம்பித்தேன். முதலில் அந்தத் தட்டு. அடுத்து மற்ற வாய்ப்பாட்டுத் தட்டுகள் எல்லாம். வாத்தியங்களில் சொல் கிடையாது என்பதால் அவற்றைப் பின்னால் வைத்துக்கொண்டேன். வரிசையை நோட்டில் பார்த்தால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

காரணத்தையும் எழுதுகிறேன். மாமா விழுந்த அன்று எனக்கு மாலை வகுப்பில் செய்முறைத் தேர்வு. கண் பரிசோதனைச் சான்றிதழுக்கான வகுப்பு. ஏற்கெனவே இரண்டு முறை போகவில்லை. மூன்றாவது முறை போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். ஐந்து மணிக்குக் கிளம்பினேன். மாமா வயலின் தட்டு ஒன்றைப் போட்டுவிட்டு நாற்காலியில் இருந்தார். தலை சுற்றுகிறது, கை மரத்துப்போகிறது என்றார். தட்டைத் திருப்பிப்போட ஆள் வேண்டுமென்றால் இப்படி ஏதாவது விளையாட்டாகச் சொல்வது அவர் வழக்கம். "கண்ணாடி, இன்னிக்குப் போக வேண்டாம்" என்றார். நான் செருப்பைப் போட்டேன். மறுபடி, "போக வேண்டாம்" என்றார். கதவைத் திறந்தேன். மூன்றாவது முறை "வேண்டாம்" என்று மட்டும் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. பார்த்தேனா, பார்த்ததாகப் பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று பல நாள் யோசித்தேன். பார்த்தேன்.

கதவைச் சாத்திவிட்டுப் போனேன். தேர்வை நன்றாகச் செய்தேன். ஏழரைக்குத் திரும்பியபோது அவர் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். தட்டு முடிந்து ஊசி கடைசி வட்டத்தில் டக், டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் டாக்டர், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கேட்டார். ஏழு மணிக்கு என்றேன். வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது, வந்து அவரோடு பேசிக்கொண்டிருந்தேன், கண்ணெதிரே விழுந்தார் என்று அத்தையிடமும் சொன்னேன். "நல்லவேளை நீ இருந்த" என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்றும் யார் வந்தாலும் அதையே சொல்கிறார். என் தாய் போன பிறகு ஒன்பது வயதிலிருந்து என்னை வளர்த்தவர்கள் இவர்கள். அத்தையின் அந்த ஒரு வாக்கியத்தை நான் எப்படி மாற்றுவேன்?

மாமா என்னைக் குற்றம் சொல்லத்தான் பாடினாரா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. பக்கத்திலேயே இரு என்று சொல்லக்கூடப் பாடியிருக்கலாம். இதைப் பல கோணத்தில் எழுதிப் பார்த்தேன். ஆனால் ஒரு வாக்கியம் வந்தவருக்கு அடுத்த வாக்கியமும் வரும் அல்லவா.

ஆறாவது வாரம் அவர் பாட முயல்வதை விட்டுவிட்டார். பத்தாவது வாரத்திலிருந்து தொடையில் தட்டுவதும் இல்லை. பிளேயரை நான் கொடுக்கவில்லை. மதியத்தில் வெறுமனே போட்டுவிடுவேன். தட்டில்லாத மேடை சுற்றுவதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பொழுதுபோக வேண்டுமே.

கடைசித் தட்டு அந்த வயலின் தட்டு. போன செவ்வாய்க்கிழமை. எப்போதும்போலக் கை கழுவிக்கொண்டு, அவர் எதிரே பிடித்தேன். "இது வேணுமா மாமா?" என்றேன்.

அவர் உறையைப் பார்த்தார். இடது கையை மெதுவாக நகர்த்தி அதன் ஓரத்தைப் பிடித்தார். ஓரத்தை மட்டும். உதடு பலமுறை கூடிப் பிரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பாட்டு இல்லை, மெட்டு இல்லை. நானும் அவரும் மட்டும்தான் அறையில் இருந்தோம்.

"வே... ணும்" என்றார்.

விழுந்த நாளிலிருந்து பாட்டில்லாமல் அவர் சொன்ன முதல் புது வார்த்தை. நான் சரியாகத்தான் கேட்டேன். மறுபடி கேட்டேன், மறுபடியும் அதையே சொன்னார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன், தட்டில் கீறல் விழாதபடி. நூலக வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவர் எதுவும் சொல்வதில்லை. காப்பிக்குக்கூட.

நோட்டை முடிக்க உட்கார்ந்தபோது பதில் கட்டத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் வாயில் வேண்டாம் என்பது வேண்டும் என்றும் இருக்கலாம். அப்படியானால் வேணும் என்பது வேண்டாம் என்று இருக்கக்கூடாதா? நூற்றுப் பதினோரு நாள் ஒரே பதில் சொன்னவர் ஒரு நாளில் மாறிவிடுவாரா? எனக்கும் ஒரு சீர்மை வேண்டும். நூற்றுப் பன்னிரண்டாவது வரியிலும் முன்போலவே எழுதியிருக்கிறேன். கேட்டேன். வேண்டாம் என்றார்.